நசுங்காத எலுமிச்சை

பதினெட்டு நாளும் மூன்று மணி நேரமும் அந்தக் கார் தகரக் கொட்டகைக்குள் நின்ற இடத்திலேயே நின்றது. விஜயதசமி அன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மாதவராஜ் சித்தப்பா சாவியைக் கடைசி முறையாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்திவிட்டு இறங்கினார். அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. இன்று தீபாவளி. மணி ஒன்பது பத்து. மணிமேகலை கார்க் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கொக்கியை இழுத்தாள். பானெட் ‘டக்’கென்று ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

நான்கு சக்கரங்களுக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. ஆயுத பூஜை அன்று அம்மா வைத்தவை. பூஜை முடிந்ததும் வண்டியை அவற்றின் மேல் ஏற்றி நகர்த்த வேண்டும். நகர்த்தவில்லை. அவை கறுத்துச் சுருங்கிக் கோலிக்குண்டு அளவுக்கு ஆகியிருந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை.

இந்த வருடம் அவர்கள் வீட்டுக்குத் தீபாவளி இல்லை. பங்காளிகள் யாருக்கும் இல்லை. மற்ற வீடுகளில் விடியற்காலையிலிருந்தே வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அர்ச்சுனன் இருந்திருந்தால் இந்நேரம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஒரு தடவைக்கு மூன்று தடவையாகக் கறிக்கடைக்குப் போய்வந்திருப்பார். அவருடைய சட்டை கொட்டகைத் தூணில் ஆணியில் தொங்கியது. அதை யாரும் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது சித்தப்பா எல்லோர் முன்னாலும் ஜீஷானுக்குப் போன் போட்டார். ஜீஷான் கம்பைநல்லூர் ரோட்டில் கடை வைத்திருக்கும் மெக்கானிக். முப்பது வயதிருக்கும். ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்னால் அந்தக் காரை சர்வீஸ் செய்து, பிளக் நான்கையும் மாற்றிக் கொடுத்தவன்.

“தீபாவளி அன்னைக்கு பதினோரு மணிக்கு வூட்டுக்கு வா. எங்களுக்கும் தீபாவளி இல்ல, உனக்கும் இல்ல. ரெண்டு பேருக்கும் லீவுதான். உன் கையாலயே பானெட்ட தொற. நாலு பேரு பாக்கட்டும், நீ என்னா பண்ணி வச்சன்னு” என்றார் சித்தப்பா. போனை வைத்துவிட்டு, சுற்றி நின்றவர்களிடம் திரும்பினார். “கடை நிக்கற எடம் என் மச்சானுது. தப்பு இவம்மேலன்னு தெரியட்டும், மறுநாளே சாமானத் தூக்கி ரோட்டுல வச்சிருவன். அது வரைக்கும் வண்டிய யாரும் தொடாதீங்க.”

பந்தியில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மணிமேகலை இலை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டாள். இலையை எடுத்து எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தாள். அவள் நினைத்த மாதிரியேதான் இருந்தது. கறுப்புக் குழாய்கள் மேலும் அலுமினிய உடம்பின் மேலும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். தண்ணீர் தெறித்து, ஓடி, காய்ந்த இடமெல்லாம் கோடு. இந்த ஊர் போர்வெல் தண்ணீர் எங்கே காய்ந்தாலும் அந்த வெள்ளையை விட்டுவிட்டுத்தான் போகும். குடத்தில், பாத்ரூம் தரையில், டீப் பாத்திரத்தின் அடியில். அதே தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் சின்ன வயதிலேயே அவள் முன்பற்களில் பழுப்புக் கோடு போட்டிருந்தது. கல்லூரியில் வேதியியல் படித்தபோது அந்தத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் ப்ராஜெக்ட் செய்தாள். முதல் வகுப்பில் தேறினாள். ஆனால் பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. ஆகவே பேசுவதே குறைவு.

அந்தத் தண்ணீரை இன்ஜினுக்குள் அடித்தது அவள்தான்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் அப்பா பூவும் பொரியும் வாங்க பைக்கில் போயிருந்தார். அம்மா கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தாள். காரின் வெளிப்பக்கத்தைக் கழுவுவது வருடா வருடம் மணிமேகலையின் வேலை. அதை முடித்துவிட்டாள். இன்ஜினைப் பற்றி அப்பா எப்போதும் ஒரு கேலி சொல்வார்: “பானெட்ட தொறந்து வச்சா கோழி ஏறி அடைக்கு உக்காந்துக்கும். அவ்வளவு குப்பை.” அந்தக் குப்பையை இந்த வருடம் எடுத்துவிடலாம் என்று அவள் ஒரு வாரமாக நினைத்திருந்தாள். வீட்டிலேயே இன்ஜினைக் கழுவுவது எப்படி என்று ஒரு வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். ரெகார்ட் நோட்டில் எழுதுவது போல் வரிசையாக எழுதியும் வைத்துக்கொண்டாள். பேட்டரிக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் பாலிதீன் கட்ட வேண்டும். கட்டினாள். உர மூட்டைக்குள் இருக்கும் பையைக் கழுவிக் கட்டினாள். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேய்த்தாள். பிறகு லேசாகத் தண்ணீர் விட வேண்டும்.

லேசாக விட்டால் அழுக்கு போகவில்லை. மாமரத்துக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயர் கொட்டகை மூலையில் இருந்தது. வீடியோவில் அந்த ஆள் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றவில்லை. அவள் கழற்றினாள். மூடிக்கு அடியிலும் அழுக்கு இருந்ததே. செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும் அவளுக்கு. லேப்பில் எல்லோரும் ஒரு தடவை கழுவுகிற கண்ணாடிக் குழாயை மூன்று தடவை கழுவுகிறவள்.

கடைசியாக ஒன்று எழுதியிருந்தாள். இன்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் சூட்டில் காயவிட வேண்டும். சாவி அப்பாவிடம் இருந்தது. கேட்டால் எதற்கு என்பார். அவராகவே ஒரு நாள் பானெட்டைத் திறக்க வேண்டும், திறந்து பார்த்துவிட்டு ‘யாரு பண்ணது’ என்று கேட்க வேண்டும், அவள் பேசாமல் நிற்க வேண்டும். அப்படித்தான் நினைத்து வைத்திருந்தாள். பூஜை முடிந்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றும்போது எப்படியும் வண்டி ஓடும். ஓடினால் காய்ந்துவிடும்.

பூஜை முடிய இருட்டிவிட்டது. அப்பா பானெட்டின் வெளிப்பக்கம் மூன்று விரலால் சந்தனம் பூசினார். சூடம் காட்டினார். “இருக்கட்டும். காலையில தீர்த்தமலைக்குப் போறப்ப நல்ல நேரம் பாத்து பழத்து மேல ஏத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

காலையில் ஐந்தரைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாடு மிதிக்கிற மாதிரி இருக்குது என்றார். அடுத்த வீட்டிலிருந்து சித்தப்பா ஓடி வந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பிளக்கில் பொறி பறந்தால்தான் பிடிக்கும். பிளக்குக் குழியில் தண்ணீர் நின்றால் பொறி பறக்காது. இது அவளுக்கு அப்போது தெரியாது. மறுநாள் தெரிந்துகொண்டாள். அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சத்தம்தான். ஆம்புலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு தூரத்தில் இருந்தது, வருகிறோம் என்றார்கள். பக்கத்து வீட்டு சென்னப்பன் தக்காளி லோடு இறக்கப் பாலக்கோடு போயிருந்தார். அவருடைய டெம்போ ஆறே முக்காலுக்குத்தான் வந்தது. காலித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் அப்பாவைப் படுக்க வைத்து அரூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், ஓர் அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். சித்தப்பா அங்கேயே, அந்த வராண்டாவிலேயே, “அந்த மெக்கானிக்கு...” என்று ஆரம்பித்தார்.

மணிமேகலை எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் நாள் ஆட்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். பிறகு நாட்களை எண்ண ஆரம்பித்தாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தில் ஐந்து எலுமிச்சம்பழம் பறித்து வந்திருந்தாள். பாதியாக அறுத்து டம்ளரில் பிழிந்தாள். ஒரு பழைய பல் பிரஷ், கிழிந்த பனியன், பஞ்சு சுற்றிய ஈர்க்குச்சிகள். வெளியே தெரிந்த பொட்டுகளை முதலில் துடைத்தாள். சாறு பட்டதும் வெள்ளை லேசாக நுரைத்து அடங்கியது. கால்சியம் கார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும். சமன்பாடு தானாக மனதில் ஓடியது. அதை இரண்டு பக்கமும் சரிபார்த்தாள். சரியாக இருந்தது.

கை வேலை செய்தது. மனம் எங்கேயும் போகவில்லை. வெடிச் சத்தம் கேட்கும்போது மட்டும் பிரஷ் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

மேல்மூடியைக் கழற்றினாள். அடியில் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் நான்கு கறுப்புக் காயில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு பிளக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அப்பாவின் பெட்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து முதல் காயிலின் ஆணியைத் திருகி, உருவி எடுத்தாள். கைப்பேசி வெளிச்சத்தைக் குழிக்குள் அடித்தாள். பிளக்கைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அளவுகோல் வைத்தது மாதிரி. ஈர்க்குச்சியைச் சாற்றில் தோய்த்து உள்ளே விட்டுச் சுற்றினாள். பஞ்சை மாற்றினாள். மறுபடி சுற்றினாள். ஏழாவது பஞ்சு சுத்தமாக வந்தது. குழியை உலர்த் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, காயிலின் ரப்பரையும் சாற்றால் துடைத்துத் திரும்பப் பொருத்தினாள்.

இரண்டாவது முடிய மணி பத்து பத்து.

மூன்றாவது காயிலின் ஆணி கழன்றது, காயில் வரவில்லை. உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. திருகி இழுத்துப் பார்த்தாள்.

“என்னா கண்ணு பண்ற?”

அம்மா தீர்த்தம்மாள் கொட்டகை வாசலில் நின்றாள். கையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய வாளி. பதினெட்டு நாளில் ரவிக்கை தொளதொளத்துப் போயிருந்தது.

“தூசியா இருந்துச்சும்மா.” மணிமேகலை கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள். கையில் எலுமிச்சை வாசம் அடித்தது.

“சித்தப்பன் தொடக் கூடாதுன்னு சொல்லுச்சே.”

“ம்.”

அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். காரைப் பார்த்தாள். “தொடச்சா தொடச்சுக்க. உங்கப்பன் வண்டி. நீ தொடாம யாரு தொடறது? பதினெட்டு நாளா நீ ஒரு சொட்டு அழுவல. எல்லாம் எங்கிட்டதான் கேக்குறாங்க. புள்ளைக்கு என்னா ஆச்சு, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு. இதுலயாவது கைய வச்சியே.”

மணிமேகலை ஆணியைத் திரும்பப் போட்டுத் திருகினாள்.

“அந்தப் பையனுக்கு எத்தன தடவ சோறு போட்டிருப்பன்” என்றாள் அம்மா. அவள் குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. “அண்ணி களி இருக்குதா, அண்ணி கீரை இருக்குதான்னு கேட்டு வாங்கித் தின்னவன். எனக்கு அவம்மேல கோவம் வரும்னு நெனக்கவே இல்ல. இப்ப அதுதான், மேகல, என்ன நிக்க வச்சிருக்குது. அவன் ஒழுங்கா பண்ணியிருந்தான்னா, ஒழுங்கா பண்ணியிருந்தான்னான்னு நெனச்சுக்கிட்டே அடுப்பப் பத்த வைக்கிறன். நெனச்சுக்கிட்டே மாட்ட அவுக்கறன். அந்தக் கோவமும் போயிட்டா நான் படுத்துருவன். எந்திரிக்க மாட்டன்.”

“அம்மா.”

“என்னா?”

தூரத்தில் ஒரு சரவெடி ஆரம்பித்து, நெடு நேரம் வெடித்து, ஓய்ந்தது. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் இல்ல” என்றாள் மணிமேகலை.

அம்மா எழுந்து முந்தானையால் காரின் கண்ணாடியை ஓர் இடத்தில் துடைத்துவிட்டு உள்ளே போனாள். மணிமேகலை மேல்மூடியைப் பொருத்திவிட்டு டம்ளரையும் பஞ்சையும் எடுத்துப் போய்க் குப்பைக் குழியில் போட்டாள். மூன்றாவதும் நான்காவதும் அப்படியே இருந்தன.

பத்தே முக்காலுக்கு சென்னப்பன் முதலில் வந்தார். தலையில் எண்ணெய்ப் பளபளப்பு, புதுச் சட்டை. துக்க வீட்டுக்குள் புதுச் சட்டையோடு வந்துவிட்டோமே என்று வாசலிலேயே துண்டை எடுத்துத் தோள் இரண்டையும் மூடிக்கொண்டார். கையில் ஒரு தூக்குப் போசி.

“பாப்பா, இந்தா, அத்த முறுக்கு குடுத்துச்சு. கடிச்சுப் பாத்துட்டு எங்கிட்ட கொற சொல்லாத. நானே காலையில ஒரு பல்ல விட்டுட்டன்.”

அவள் வாங்கிக்கொண்டாள்.

“சிரிக்க மாட்டியே. உங்கப்பன் இருந்திருந்தா இந்த முறுக்குக்கு ஒரு மணி நேரம் பேசியிருப்பான்” என்று சொல்லிவிட்டு, அவர் தாமே தலையைக் குனிந்துகொண்டார். அந்த டெம்போவை ஓட்டிப் போனவர் அவர்தான். பாலக்கோட்டில் ஒரு டீ குடிக்காமல் கிளம்பியிருந்தால் என்று காரியத்தன்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மணிமேகலை அதையும் கேட்டாள்.

சித்தப்பா வந்தார். வெள்ளை வேட்டி, சவரம் செய்யாத முகம். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜீஷான் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தான். பைக்கை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். சாவு அன்றும் இப்படித்தான் ரோட்டில் நின்றான். சித்தப்பா பார்த்துவிட்டு, போடா என்றதும் போய்விட்டான். இப்போது கொட்டகைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். காரைத் தொட அவன் செருப்பைக் கழற்றியதை யாரும் முன்பு பார்த்ததில்லை.

“வந்துட்டீங்களா தொர?” என்றார் சித்தப்பா.

“வந்துட்டேங்கண்ணா.”

“தொற.”

ஜீஷான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். “பழம் அப்படியே இருக்குதுங்களே” என்று மெதுவாகச் சொன்னான். கவனமாக, அந்தப் பழத்தில் கால் படாமல் தள்ளி நின்று பானெட்டைத் தூக்கினான்.

“தொடச்சிருக்குதுங்களே.”

“யாரு தொட்டது?” சித்தப்பாவின் குரல் ஏறியது.

“பாப்பாதான் தூசி தட்டுச்சு தம்பி” என்றாள் அம்மா படியிலிருந்து. “அப்பன் வண்டின்னு ஆசையா தொடச்சுது. அதப் போயி கேட்டுக்கிட்டு. நீ ஆவறதப் பாரு.”

சித்தப்பா மணிமேகலையைப் பார்த்தார். பிறகு சரி என்பது போல் கையை ஆட்டினார்.

ஜீஷான் ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தான். மேல்மூடியைக் கழற்றினான். முதல் காயிலை உருவி எடுத்துப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். இரண்டிலும் ஒன்றுமில்லை. அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. மூன்றாவதைத் திருகினான். வரவில்லை. “பிடிச்சிருக்குது” என்றான். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தான். வந்தது.

காயிலின் ரப்பர்க் குழாயில் முக்கால் உயரத்துக்கு வெள்ளை படிந்திருந்தது. நுனியில் துரு. அவன் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்னாதுப்பா, சுண்ணாம்பு மாதிரி?” என்று சென்னப்பன் எட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். “அட, இது நம்மூரு தண்ணிதான். எங்க வூட்டு டீப் போசி அடியில இப்படித்தான் இருக்கும். தண்ணி நின்னு காஞ்சிருக்குது.”

“தண்ணி” என்றார் சித்தப்பா. அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்ப்பது போல் மறுபடி சொன்னார். “தண்ணி எப்பட்றா உள்ள வந்துச்சு?”

ஜீஷான் காயில் நுனியில் இருந்த துருவை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

“கேக்கறன்ல?”

“சர்வீஸ் முடிச்சு வாட்டர் வாஷ் அடிச்சேங்கண்ணா. வெளியதான் அடிச்சேன். பானெட்டு மூடித்தான் இருந்துச்சு. மூடினேன்னுதான் நெனக்கிறேன்.”

“நெனக்கிறியா?”

“பதினெட்டு நாளா அதேதாங்க நெனச்சுப் பாக்கறேன். மூடினனா, மூடலையா? காயில் ரப்பர அழுத்தி விட்டனா, விடலையா? மொத நாளு எல்லாம் சரியாத்தான் பண்ணேன்னு தெரிஞ்சுது. இப்ப எது நடந்துச்சு, எது நானா நெனச்சதுன்னே தெரியலைங்க.” அவன் நிமிர்ந்து யாரையும் பார்க்காமல், தூணில் தொங்கிய சட்டையைப் பார்த்துச் சொன்னான். “எங்கையாலதான் போயிருக்கும். வேற யாரு இதத் தொட்டா? அண்ணன் பானெட்டத் தொறக்கவே மாட்டாரு. எங்கையாலதாங்க.”

சென்னப்பன் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

“கடைய நானே காலி பண்ணிடறேங்கண்ணா” என்றான் ஜீஷான். “நீங்க மச்சான்கிட்ட சொல்ல வேணாம். நாளைக்கே சாவியக் குடுத்துடறேன்.”

மணிமேகலை தூணில் சாய்ந்து நின்றாள். காலையில் ஒரு மணி நேரம் எலுமிச்சைச் சாற்றில் அவள் அழித்ததெல்லாம் வீண் என்று புரிந்தது. அந்த வெள்ளை வளையம் அவளைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்திருந்தாள். அது அவளைக் காட்டவில்லை, ஜீஷானைக் காட்டியது. அவனும் ஏற்றுக்கொண்டான். இனி அவள் எதையும் துடைக்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அது அவளுக்கு நன்றாக வரும்.

ஆனால் ஜீஷான் சொன்னது தப்பு. கணக்குப் பிசகியிருந்தது. ஜீஷான் வாஷ் அடித்த பிறகு அந்தக் கார் மூன்று நாள் ஓடியிருந்தது. அப்பா அரூருக்குப் போய் வந்தார். ஒரு நாள் தர்மபுரிக்கும் போய் வந்தார். அத்தனை சூட்டில் தண்ணீர் ஒரு நாள்கூட நிற்காது. அந்தக் கொட்டகையில் நின்ற ஐந்து பேரில் அதை யோசிக்கக் கூடியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவனுக்குப் பதினெட்டு நாளில் யோசனையே கெட்டுப்போயிருந்தது.

சித்தப்பா கைப்பேசியை எடுத்து, கண்ணாடியைத் தேடி, சட்டைப் பையைத் தடவினார். அம்மா படியிலிருந்து எழுந்து வந்தாள். ஜீஷானுக்கு எதிரில் நின்று, அவன் கையில் இருந்த காயிலை வாங்கிப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள்.

“ஜீஷான், உங்கப்பா நல்லா இருக்காரா?”

“இருக்காருங்க அண்ணி.”

“இருக்கட்டும்” என்றாள். அதில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை. காயிலை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அவன் அதை வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“மூணு நாள் ஓடுச்சு” என்றாள் மணிமேகலை.

கைக்குள் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை. சென்னப்பன் மட்டும் திரும்பினார். “பாப்பா என்னமோ சொல்லுது.”

“நீ உள்ள போம்மா, பெரியவங்க பேசிக்கறோம்” என்றார் சித்தப்பா. கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

மணிமேகலை வாயிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பாவாடையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் தொங்கவிட்டாள்.

“சர்வீஸுக்கு அப்புறம் வண்டி மூணு நாள் ஓடுச்சு சித்தப்பா. ஓடின இன்ஜின் கொதிக்கும். தண்ணி இருந்தாலும் ஆவியாயிரும். நிக்காது. இது அவரு அடிச்ச தண்ணி இல்ல.”

இத்தனை வார்த்தைகளை அவள் சேர்ந்தாற்போல் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சித்தப்பா கைப்பேசியைத் தாழ்த்தினார். ஜீஷான் தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் ஒன்று மெல்லத் தெளிய ஆரம்பித்தது. அவன் காயிலைப் பார்த்தான், துடைத்திருந்த இன்ஜினைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

“அப்புறம் எப்படி வந்துச்சு?” என்றார் சித்தப்பா.

மணிமேகலை அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் காலடியில் அந்த எலுமிச்சம்பழம். இதைக் கேட்ட பிறகு நாளைக் காலையில் அம்மா எதை நினைத்துக்கொண்டு எழுந்திருப்பாள் என்று மணிமேகலைக்குத் தெரியவில்லை. எழுந்திருப்பாளா என்றும் தெரியவில்லை.

“மேகல?” என்றாள் அம்மா. “என்னா கண்ணு?”

“நான்தாம்மா அடிச்சன்” என்றாள். “பூஜ அன்னைக்கு மத்தியானம், மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர்ல. அப்பா தொறந்து பாத்தா சந்தோசப்படுவாருன்னு, நான்தான் இன்ஜினுக்குள்ள தண்ணி அடிச்சன்.”